ஓடாதீங்க சார்

கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதன் பாடியதை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? நன்றாகவே இருக்கும். அதுதான் பிரச்சினை.

வேண்டுமென்று அப்படிக் கேட்கவில்லை. யூடியூபில் எதைக் கேட்டாலும் 1.5இல் வைத்துக் கேட்டுப் பழகிப்போன ஆள் நான். வருமான வரி விளக்கம், பங்குச் சந்தை ஆலோசனை, பேட்டி எல்லாமே அந்த வேகம்தான். வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பும் குரல் செய்தியையும் அப்படித்தான் ஓடவிடுவேன். மாயவரத்தில் திண்ணையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுகிற அம்மா, என் காதுக்கு வரும்போது யார் மேலோ கோபமாக இருப்பது போல இருப்பார். ஒரு ராத்திரி ஏதோ பேட்டி முடிந்த கையோடு அடுத்ததாக ராமநாதன் கச்சேரி ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வித்தை அந்தச் செயலிக்குத் தெரியும் என்பதால் சந்தேகமே வரவில்லை. யாரோ நல்ல பாடகர், கொஞ்சம் கனமான குரல், மத்திம காலத்தில், அதாவது நடுத்தர வேகத்தில், சுறுசுறுப்பாகப் பாடுகிறார் என்று கேட்டுக்கொண்டே பாத்திரங்களைத் தேய்த்து முடித்தேன். அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். சாதாரண வேகத்துக்குக் கொண்டுவந்ததும் அந்த நல்ல பாடகர் காணாமல் போய் எம்.டி.ஆர். வந்துவிட்டார்.

கர்நாடக இசை பக்கமே போகாதவர்களுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம். பாலக்காட்டுப் பக்கத்து மஞ்சப்ராவில் 1923இல் பிறந்தவர். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, டைகர் வரதாச்சாரியாரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள சென்னைக்கு வந்தார். கலாக்ஷேத்திராவில் மாணவராக இருந்து, அங்கேயே ஆசிரியராகவும் ஆனார். கிணற்றடியிலிருந்து வருவது போன்ற குரல். அதைவிட முக்கியம், அவர் எடுக்கும் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். மற்றவர்கள் பாடும் அதே கீர்த்தனையை அவர் பாடினால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்று சபாக்களில் கிண்டல் செய்வார்களாம். இப்படி அவரைப் பற்றி எத்தனையோ கிண்டல்கள்.

அவர் பாட வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். இன்று நாம் கேட்கும் கச்சேரியின் வடிவம் பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்தியது. வர்ணத்தில் சூடாகத் தொடங்கி, அடுக்கடுக்காகக் கீர்த்தனைகள், நடுவில் விரிவாக ஒன்று, கடைசியில் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள். அந்த வண்டியின் சக்கரமே மத்திம காலம்தான். இன்னொரு பக்கம் பாடகர் ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் பிருகாக்கள், மின்னல் வேகத்தில் உருளும் ஸ்வரக் கோவைகள், ஒரு தலைமுறையையே கிறங்கடித்திருந்தன. அந்தச் சூழலில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து, தனக்கு எது நிதானமோ அதிலேயே பாடுகிறார். சிலர் எழுந்து போகிறார்கள். சிலர் போகவில்லை. அவர் அடுத்த கச்சேரியிலும் அதே நிதானத்தில் பாடுகிறார். எழுந்து போனவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, எனக்கே ஆரம்பத்தில் பொறுமை இருந்ததில்லை. ஆனால் ஒன்றரை வேகத்தில் கேட்ட அந்த ராத்திரிக்குப் பிறகு ஒன்று புரிந்தது. அந்த வேகத்தில் ஸ்வரமெல்லாம் சரியாக இருந்தது, சுருதி இருந்தது, சாகித்தியம் இருந்தது. பாடியவர் மட்டும் வேறு யாரோவாக இருந்தார்.

நான் பாட்டு கற்றுக்கொள்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கம். நாற்பதை ஒட்டிய வயதில், ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற ஆள், ஆதம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டு ஹாலில் ஜமக்காளத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சரளி வரிசை பாடுவதை யாரும் ரகசியமாக வைத்துக்கொள்ளவே விரும்புவார்கள். எங்கள் வீட்டில் யாரும் பாட்டு கற்றதில்லை. ஊரில் கேட்டதெல்லாம் மாரியம்மன் கோயில் திருவிழா நாகசுரமும், கடையில் அப்பா வைத்திருந்த ரேடியோவும்தான். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பள்ளி நாட்களிலேயே இருந்தது. காசும் நேரமும் சேர்ந்து கிடைக்க இவ்வளவு காலம் ஆனது.

பாடம் எல்லாருக்கும் ஒரே வரிசைதான். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அப்புறம் அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம். இதன் தொடக்கப் பாடங்கள் பதினாறாம் நூற்றாண்டுப் புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படுபவை. வரிசைகளையும் அலங்காரத்தையும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாட வேண்டும். முதல் காலத்தில் தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. கை மட்டும் மாறக் கூடாது. தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. குரல் நான்கு மடங்கு ஓடும்போதும் கை அதே நடையில் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மூன்றாம் காலம்தான் கஷ்டம் என்று தோன்றும். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும், ஓட்டப் பந்தயம் மாதிரி மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே பாடுவார்கள். ஆனால் மூன்றாம் காலத்தில் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். ரிஷபம் கொஞ்சம் மேலே போனாலும், நிஷாதம் ஒட்டாமல் நின்றாலும், யார் கவனிக்கப் போகிறார்கள், அதற்குள் நான்கு ஸ்வரம் தாண்டியாகிவிட்டது. முதல் காலத்தில் அது நடக்காது. ஒரே ஸ்வரத்தை நீட்டி நிற்கும்போது தம்புராவுக்குப் பக்கத்தில் உங்கள் குரல் தனியாக மாட்டிக்கொள்ளும். எங்கே நடுங்குகிறது, எங்கே மூச்சு போதவில்லை, எல்லாம் கேட்கும். அந்த அசௌகரியத்திலிருந்து தப்பிக்கத்தான் மனசு அடுத்த ஸ்வரத்துக்குத் தாவுகிறது. கச்சேரி செய்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், ஒரு பல்லவியை நிற்கவைப்பதுதான் சிரமம், ஒவ்வொரு அடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி பெரிது, அதில் வழுக்கி விழ நிறைய இடம் இருக்கிறது என்று.

டீச்சர் என்னைத் திருத்தும்போது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். "ஓடறீங்க சார்." பிள்ளைகளை அதட்டுவார், என்னிடம் மட்டும் அந்த 'சார்' தப்பாமல் வரும். ஒருநாள் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னார். "மெதுவா எடுத்தா தப்பில்ல, வேகமா எடுத்தாலும் தப்பில்ல. எடுத்த காலப்பிரமாணத்துலயே முடிக்கணும். நீங்க நல்லாத்தான் ஆரம்பிக்கிறீங்க, பாதில யாரையோ பிடிக்கப் போற மாதிரி ஓடறீங்க."

யாரைப் பிடிக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும். எனக்கு இடப்பக்கம் உட்காரும் மூன்றாம் வகுப்புப் பெண்ணை. அவள் தன் பாடத்தை மூன்றாம் காலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவள் பாட்டை நான் கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பேன், என் கை கேட்டுக்கொண்டிருக்கும். தொடையில் தட்டுகிற கை என்னை விட்டுவிட்டு அவளோடு போய்விடும்.

இது பாட்டு வகுப்பில் மட்டும் நடந்தால் பரவாயில்லை.

கல்லூரியில் உடன் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். அமெரிக்காவில் வீடு வாங்கியவன் புதுமனை புகுவிழாப் படம் போடுகிறான். ஒருவன் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். இன்னொருவன் இரண்டாவது ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டான். எல்லாவற்றுக்கும் நான் கை தட்டும் படம் அனுப்புவேன், மனசாரத்தான். அனுப்பிவிட்டு அன்று ராத்திரி வீட்டுக் கடன் வட்டி எவ்வளவு என்று தேடிக்கொண்டிருப்பேன். என் மகள் இன்னும் எல்.கே.ஜி. சேரவில்லை. நாங்கள் இருப்பது வாடகை வீடு. என் இருபதுகளும் முப்பதுகளின் முதல் பாதியும் அப்பாவின் துணிக்கடை விட்டுப்போன கடனுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் போயின. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. டெல்டாவில் கடை வைத்து நொடித்துப்போன குடும்பங்களில் மூத்த பிள்ளையின் கணக்கு இப்படித்தான் இருக்கும். அந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் கல்யாணம் என்று நானேதான் முடிவு செய்தேன்.

ஆனால் நம் ஊரில் ஒரு அட்டவணை இருக்கிறது. எங்கும் எழுதி ஒட்டவில்லை, எல்லாருக்கும் மனப்பாடம். இருபத்தொன்றில் டிகிரி, உடனே வேலை, முப்பதுக்குள் கல்யாணம், அடுத்த வருடமே "விசேஷம் எதுவும் உண்டா", அப்புறம் வீடு. எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அந்த அட்டவணையோடு உங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார். என் மகள் பிறந்தபோது ஒரு உறவுக்காரர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டே கணக்குப் போட்டார். "இவ காலேஜ் முடிக்கறப்ப உனக்கு என்ன வயசு ஆகும்? ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடியணுமே." குழந்தைக்கு அப்போது பேர்கூட வைத்திருக்கவில்லை.

ரிட்டயர்மென்ட் என்றதும் என் சித்தப்பா கதை. மாநில அரசு வேலை. 2020 ஜூன் மாதக் கடைசி நாளில் ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வு பெற வேண்டியவர். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே எல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான் ஓடியது. மகன் கல்யாணம் அதற்குள், வீட்டு மாடி அதற்குள், ஓய்வுக்குப் பிறகு காசி யாத்திரை. அந்த வருடம் மே மாதம் தமிழ்நாடு அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. கொரோனா நேரம், யாரும் எங்கும் போக முடியாது, சரி ஒரு வருடம்தானே என்று இருந்தார். 2021 பிப்ரவரியில் அதை 60 ஆக்கினார்கள். கடைசியில் 2022 ஜூனில்தான் மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தார். இரண்டு வருட கூடுதல் சம்பளம், சந்தோஷப்பட வேண்டியவர்தான். ஆனால் அந்த இரண்டு வருடமும் ஒரு மாதிரி குழம்பிப் போயிருந்தார். "எல்லாத்தையும் அவசர அவசரமா முடிச்சேனேடா, எதுக்குன்னே தெரியல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிய கோட்டை யாரோ ஒரு அரசாணையில் நகர்த்தி வைத்துவிட்டார்கள். அவ்வளவு லேசான கோடு அது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பொறுமை என்பதை நம் ஊரில் பெரும்பாலும் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று மாமியார் வீட்டில் கஷ்டப்படுகிற பெண்ணிடம் சொல்வார்கள். சம்பளம் பாக்கி வைத்த முதலாளி வேலைக்காரரிடம் சொல்வார். பூமியை ஆள்பவர்கள் யாரும் அப்படிப் பொறுத்து ஆண்டதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். கொரோனாவில் தேர்வுகள் நின்றுபோயின. வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. 2021இல் அரசு வரம்பை 30இலிருந்து 32 ஆக உயர்த்தியபோதுதான் அவருக்கு மூச்சே வந்தது. அவரிடம் போய் "உன் வேகத்தில் நிதானமாக வாழு" என்று சொல்லியிருந்தால் அறைந்திருப்பார், அறைந்தது நியாயமாகவும் இருந்திருக்கும். அவர் வேகம் அவர் கையில் இல்லை. அறிவிக்கைக்குக் காத்திருப்பதும், கடன் அடைய காத்திருப்பதும், தன் நிதானத்தில் ஒரு வேலையைச் செய்வதும் ஒன்றல்ல. முதல் இரண்டும் நெருக்கடி. அவற்றுக்குப் பொறுமை என்று பேர் வைத்து அழகு பார்க்க எனக்கு மனம் வரவில்லை. என் இருபதுகளையும் அப்படி அழகு பார்க்க மாட்டேன். கடன் இல்லாதிருந்தால் இன்னும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நெருக்கடி முடிந்த பிறகும் ஓட்டம் நிற்காததுதான் என் விஷயம். கடைசித் தவணை கட்டிய பிறகு யாரும் என்னைத் துரத்தவில்லை. ஆனாலும் விட்டுப்போன வருடங்களைப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. இரண்டு வேலை பார்க்கலாமா, இருபது வருட இ.எம்.ஐ. எடுத்துவிடலாமா, பாட்டையே ஆறு மாத விரைவுப் பயிற்சியாக ஆன்லைனில் முடித்துவிடலாமா. இதைக் கேள்விப்படும் நண்பர்கள் ஆறுதலுக்கு உடனே ஒரு கதை அனுப்புவார்கள், தாமதமாக ஜெயித்தவர் கதை. இப்போது அதிகம் வருவது வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்து, கிரிக்கெட்டை விட்டுவிட்டு வேலைக்குப் போய், திரும்பி வந்து, 2025இல் 33 வயதில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி ஆடியவர். நல்ல கதைதான், எனக்கும் அவர் பந்துவீச்சு பிடிக்கும். ஆனால் அந்தக் கதை சொல்வது என்ன? தாமதமானாலும் கோப்பை வரும், அதனால் பொறு என்கிறது. வராவிட்டால்? திரும்பி வந்து தேர்வாகாமல் போன எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்கள் கதையை யாரும் பகிர்வதில்லை. அது அதே பந்தயம்தான், முடிவுக் கோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைந்திருக்கிறார்கள்.

அதனால்தான் எனக்கு ராமநாதன் வேண்டியிருக்கிறது. பத்மஸ்ரீ 1974இல் கிடைத்தது. ஆனால் கர்நாடக இசைக்காரர்கள் எட்டிப் பிடிக்கப் பார்க்கும் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1984இல், அறுபது வயதிலேயே போய்விட்டார். இன்று அவர் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிற கூட்டம் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அது அவருக்குக் கிடைத்த பரிசு இல்லை, நமக்குக் கிடைத்தது. எதிர்காலத்தில் மெச்சுவார்கள் என்று அவர் மெதுவாகப் பாடவில்லை. அந்த ராகம் அந்த நடையில்தான் அவருக்குள் இருந்தது, அதனால் பாடினார். இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் வீணை தனம்மாள் (1867–1938). ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். மிக மெல்லிய நாதம், நிதானமான வாசிப்பு. கேட்க வேண்டியவர்கள், பெரிய வித்வான்கள் உட்பட, அங்கே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் யாருக்காகவும் ஓங்கி மீட்டவில்லை. இந்த இருவரையும் எனக்கு வழிகாட்டி என்று சொன்னால் சிரிப்பார்கள், நான் அலங்காரத்தில் தடுமாறுகிறவன். ஆனால் பலன் என்ன என்று கேட்காமல் தன் காலப்பிரமாணத்தில் நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிவது ஒரு தெம்பு.

நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. வீடு இப்போதைக்கு வேண்டாம் என்று நானும் மனைவியும் பேசி முடிவு செய்தோம். அவளுக்கு என்னைவிடத் தெளிவு அதிகம். "இ.எம்.ஐ. கட்டறதுக்காக நீ ராத்திரி பத்து மணிக்கு வர்ற வீட்டுக்கு எதுக்கு ரெண்டு பெட்ரூம்?" என்றாள். குழுவில் இப்போதும் கை தட்டுகிறேன், வட்டி விகிதம் தேடுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அம்மாவின் குரல் செய்தியை மட்டும் சாதாரண வேகத்தில் கேட்கிறேன். நீளமாகத்தான் இருக்கிறது. பாதி செய்தி பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றி.

பாட்டு வகுப்பில் இப்போது வேறு ஒரு சிக்கல். அலங்காரம் என்பது ஏழு தாளத்தில் ஏழு பாடம்: துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம். என்னோடு சேர்ந்த பிள்ளைகள் கீதத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஜம்பையில் நிற்கிறேன். ஏழு எண்ணிக்கை லகு (ஒரு தட்டும் ஆறு விரல் எண்ணிக்கையும்), ஒரு அனுதிருதம், ஒரு திருதம் (தட்டும் வீச்சும்), மொத்தம் பத்து. அந்த அனுதிருதம் ஒரே ஒரு தட்டு, வீச்சு கிடையாது. கை பழக்கத்தில் வீச்சுக்குப் போய்விடும், போனால் தாளம் கவிழ்ந்தது. டீச்சர் முதல் காலத்திலேயே பாடச் சொல்கிறார். இரண்டாம் காலம் எப்போது என்று நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

விஜயதசமிக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் பிள்ளைகள் எல்லாரும் பாடப்போகிறார்கள். என்னையும் கூட உட்காரச் சொல்லியிருக்கிறார். இடப்பக்கத்துப் பெண் போன வாரம் என்னைக் கேட்டாள்.

"அங்கிள், நீங்க எப்ப வர்ணம் பாடுவீங்க?"

"தெரியலம்மா. இப்ப ஜம்பைல இருக்கேன். அதுக்கப்புறம் இன்னும் மூணு தாளம். அப்புறம் கீதம், ஸ்வரஜதி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஜம்பை எனக்கும் வரவே இல்ல அங்கிள். அந்த ஒத்தத் தட்டுதான். கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க, வந்துரும்" என்றாள்.

போட்டுப் பார்த்தேன், வரவில்லை. "இன்னும் மெதுவா" என்றாள்.